ஜாகை மாறிய கீப்பர்

பரணிலிருந்து ஃபைல் கட்டு கிளம்பும்போது காஸ்பர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொள்கிறார். கட்டு அவருடைய மார்புக்கு நேராகத்தான் வருகிறது. பாய வேண்டியதில்லை, எம்ப வேண்டியதில்லை, கையை நீட்டினால் தானாக வந்து உட்காரும். அவர் அரை அடி நகர்ந்து அதற்கு வழி விடுகிறார். கட்டு தரையில் விழுந்து பல வருடத் தூசியை ஒரே மூச்சில் வெளியே விடுகிறது. அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் தும்முகிறார்கள்.

“இன்னா கீப்பர் சார், புடிச்சா இன்னா கொறஞ்சா பூடுவே?” என்று ஏணியின் உச்சியிலிருந்து ஜைதூன் பீ கேட்கிறார். அலுவலகத்தின் அட்டெண்டர். ராயப்பேட்டைக்காரர். ஏணியில் ஏறிவிட்டால் மேனேஜரையும் ஒருமையில்தான் பேசுவார்.

“எறக்கி எடுத்துட்டு வாங்க பீம்மா.”

“ஊருக்கே பந்து புடிச்ச கையி. எனுக்கு ஒரு கட்டு புடிக்கக் கசக்குதா?”

காஸ்பர் குனிந்து கட்டை எடுக்கிறார். ஆறடி உயரம், இடது மோதிர விரல் ஒரு பழைய பந்தில் கோணிப்போனது, குனியும்போது வலது முழங்கால் மட்டும் தனியாக யோசித்துவிட்டு மடங்குகிறது. தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கிளெய்ம் பிரிவில் இந்தக் காட்சி வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். புதிதாக வந்தவர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். பழையவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

காஸ்பர் வேலைக்கு வந்தது விளையாட்டு ஒதுக்கீட்டில். அலுவலகக் கால்பந்து அணியின் கோலில் பன்னிரண்டு வருடம் நின்றார். காலையில் கையெழுத்து, பிறகு மைதானம், மாதக் கடைசியில் சம்பளம். அவருடைய நாற்காலியில் வேறு யாராவது பையை வைத்திருப்பார்கள். தொண்ணூற்று மூன்றில் முழங்கால் போயிற்று. ஆபரேஷன் முடிந்து வந்தபோது, பையை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் அவரையே உட்கார வைத்தார்கள். கிளெய்ம் என்றால் என்ன என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் இரண்டு படி மேலே போயிருந்தார்கள். முப்பத்து நான்கு வயதில் காஸ்பர் பிரிவிலேயே கடைசி ஆள். அவர் எழுதும் குறிப்புகள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. இது இப்படியே போனால் தபால் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று காதில் விழும்படியாகவே பேசிக்கொண்டார்கள். தபால் பிரிவு என்றால் ஸ்டாம்பு ஒட்டுவது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்து கால் போனவர்கள் பலர் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னொரு உத்தியோகம் உண்டு.

சாந்தோமில் காலைப் பூசை முடிந்து, வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, மனைவி மர்சலினிடம் “வர்றேன்” என்று மட்டும் சொல்லி, மச்சினி டீனாவைக் கூட்டிக்கொண்டு அடையாறு காந்தி நகருக்குப் பஸ் ஏறுவார். டீனா ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுகிறவள். காந்தி நகரில் சாய்நாத் வீட்டு மாடி அறை. சாய்நாத் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவர். அவருடைய சித்தப்பா மகள் ஷ்ரேயா, சி.ஏ. படிக்கிறாள், மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து, பூதங்களும் சுரங்கங்களும் நிறைந்த ஓர் ஊருக்குள் போவார்கள். ஆறு மணிக்கு மேல் திரும்புவார்கள்.

ஆட்டம் இதுதான். சாய்நாத் கதை சொல்லுவார்: இருட்டு, குகை, முன்னால் ஒரு கதவு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். கதவை உடைப்பதா, பூட்டைத் திறப்பதா, ஓடுவதா என்று தங்கள் பாத்திரம் செய்வதை அவர்களே சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை எண் தீர்மானிக்கும். ஒவ்வொரு சண்டையிலும் கற்றது புள்ளிகளாகச் சேர, பாத்திரங்கள் படிப்படியாக வளரும். விதிகள் அடங்கிய ஆங்கிலப் புத்தகத்தை சாய்நாத் லஸ் முனையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்தார். முன் அட்டை கிடையாது, கடைசி அத்தியாயம் கிடையாது. எண் எடுக்க இருபது பக்கம் கொண்ட பகடை வேண்டும் என்றது புத்தகம். அது சென்னையில் எங்கே கிடைக்கும்? சாந்தோம் கோயில் பங்கு விழாவில் எண்களைக் கூவி ஆடும் ஹௌசி டப்பாவிலிருந்து ஒன்று முதல் இருபது வரை வில்லைகளைப் பொறுக்கி, ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்தார் காஸ்பர். பைக்குள் கைவிட்டு எடுத்தால் எண். அந்த வருடம் பங்கு விழாவில் ஹௌசி இருபத்தொன்றில் ஆரம்பித்தது.

காஸ்பரின் திறமை எண் எடுப்பதில் இல்லை. அதில் அவர் துரதிர்ஷ்டசாலி. அவருடைய திறமை ஆட்களைச் சேர்ப்பதில் இருக்கிறது. பார்ட்டி என்று அவர் சொல்வது கூட்டாகக் கிளம்பும் இந்தக் கும்பலைத்தான். கோலில் நிற்பவன் ஒருவன்தான் தன் அணியை முதுகுப் பக்கமிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவன். எங்கே ஓட்டை, யார் களைத்துவிட்டான், யார் தன் வேலையை விட்டுப் பக்கத்துக்காரன் வேலையைப் பார்க்கிறான் என்பது அவனுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரியும். அந்தப் பழக்கம் காஸ்பரை விடவில்லை. பஸ்ஸில் பின்பக்கமே நிற்பார், கோயிலில் கடைசி வரிசை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்க்கமாட்டார், பரிமாறுகிறவர்களைப் பார்ப்பார். “சாம்பாருக்கு ரெண்டு பேர், ரசத்துக்கு ஆளே இல்ல. பார்ட்டி சரியில்ல” என்பார். சொன்னபடியே ரசம் வராது.

“மொதல்ல ஆள எண்ணாத, வேலைய எண்ணு” என்பது அவருடைய முதல் பாடம். “அடி வாங்கறது ஒரு வேல. அடிக்கறது ஒரு வேல. பூட்டு, பொறி பாக்கறது ஒரு வேல. காயத்துக்கு ஒட்டுப் போடறது ஒரு வேல. மந்திரம் தனி.”

“அடி வாங்கறதும் அடிக்கறதும் ஒண்ணுதானே சார்?” என்று ஷ்ரேயா ஒருமுறை கேட்டாள்.

“அப்படிச் சொல்றவங்க கோல்ல நின்னதில்ல.”

வேலை ஐந்து, ஆள் மூன்று என்றால் சிலர் இரண்டு தொழில் பார்த்தாக வேண்டும். புத்தகம் அதற்கு இரண்டு வழி வைத்திருந்தது. முதல் வழி, பிறந்தது முதலே இரண்டு தொழிலையும் சேர்த்துக் கற்பது. கிடைக்கும் புள்ளியெல்லாம் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், வளர்ச்சி மெதுவாக இருக்கும். ஷ்ரேயாவின் பாத்திரம் ஆரபி அப்படிப்பட்டவள், பாதி போர்வீரி, பாதி மந்திரக்காரி. ஆரம்பத்தில் ஷ்ரேயா மூன்றாவதாக வைத்தியத்தையும் சேர்த்திருந்தாள். எதிலும் முதல் படியைத் தாண்டாமல் ஆரபி மூன்று மாதம் அழுதுகொண்டிருந்தாள். அதோடு ஒரு காரியம் செய்தாள். கையில் கிடைத்த தங்கக் காசையெல்லாம் போட்டு ஓர் இரும்புக் கவசம் வாங்கி மாட்டிக்கொண்டாள். இரும்பு மாட்டினால் மந்திரம் பலிக்காது என்ற விதி அவளுக்குத் தெரியாது. பூதம் முன்னால் நிற்க, ஆரபி வாயைத் திறக்க, ஒன்றும் நடக்கவில்லை. “ஏம்மா, டைவிங் போர்டுல ஏறி நின்னுண்டு ஸ்வெட்டர் போட்டுக்கற மாதிரின்னா இருக்கு” என்று சாய்நாத் சிரித்தார். அன்றைக்குக் காஸ்பர் சிரிக்கவில்லை. வைத்தியத்தைக் கழற்று, கவசத்தைக் கழற்று, தோல் சட்டை போடு, கையில் நீளமான ஈட்டி எடு, முன்னால் நிற்பவனுக்குப் பின்னாலிருந்து குத்து என்றார். அதிலிருந்து ஆரபி தேறினாள்.

இரண்டாவது வழிக்குக் காஸ்பர் வைத்த பெயர் ‘ஜாகை மாத்தறது.’ ஒரு தொழிலில் நன்றாக வளர்ந்தவன் அதை நிறுத்திவிட்டு, வேறு தொழிலில் முதல் படியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் புதுத் தொழிலின் படி பழையதைத் தாண்டும்வரை பழைய வித்தையைத் தொடக் கூடாது. தொட்டால் அன்றைய ஆட்டத்தில் கற்றதெல்லாம் அழிந்துவிடும். தாண்டிவிட்டால் இரண்டு வித்தையும் முழுதாகக் கைக்கு வந்துவிடும்.

“பழைய வீட்டுச் சாவி பாக்கெட்ல இருக்கலாம். புது வீட்டுக்குக் கூரை போடற வரைக்கும் போய்த் தெறக்கக் கூடாது. மழ வருதேன்னு ஒரு ராத்திரி போய்ப் படுத்தேன்னு வையி, அப்புறம் அங்கதான் படுப்பே” என்பார்.

இந்த வழியில் யாரும் போகமாட்டார்கள். வளர்ந்த வீரன் ஒருவன் கத்துக்குட்டியாக நின்று அடி வாங்குவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் போக வேண்டி வந்தது. நாலாவது ஆளாக ஆடிக்கொண்டிருந்த கிளிஃபர்ட் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன்தான் பார்ட்டியின் வைத்தியன். அவன் இல்லாமல் கிளம்பிய இரண்டு பயணத்திலும் எல்லோரும் செத்தார்கள். இரண்டு முறை சாய்நாத் இரக்கப்பட்டு அதைக் கெட்ட கனவாக மாற்றினார். இனி கனவு கிடையாது, மூன்றாம் முறை செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். காஸ்பரின் பாத்திரம் பர்னபாஸ் அந்தக் கும்பலிலேயே மூத்த போர்வீரன், எட்டாம் படி. காஸ்பர் யாரையும் கேட்கவில்லை. பர்னபாஸ் வாளை உறையில் போட்டான், பச்சிலைப் பையைத் தோளில் மாட்டினான், வைத்தியத்தில் முதல் படியில் போய் நின்றான்.

“முன்னாடி யார் மாமா நிக்கறது?” என்று டீனா கேட்டாள். அவள் பாத்திரம் பூட்டுத் திறப்பவள், பெயர் பூனைக்கண்ணி.

“பாத்துக்கலாம்.”

அது நடந்தது அவர் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்த இரண்டாவது வருடம். பரணிலிருந்து வரும் கட்டைப் பிடிக்காமல் விட ஆரம்பித்ததும் அப்போதுதான். அதுவரை பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பிரிவே கைதட்டும், “கீப்பர்னா கீப்பர்தான்” என்பார்கள், அவரும் சிரிப்பார், பிறகு உட்கார்ந்து தப்புத் தப்பாகக் குறிப்பு எழுதுவார். ஒருநாள் பஸ்ஸில் டீனாவிடம் மட்டும் சொன்னார்: “அந்தக் கட்டப் புடிக்கற வரைக்கும் நான் அங்க வேடிக்கை காட்டறவன்தான். என்னிக்கு அந்த செக்‌ஷன்ல ஒருத்தர் எங்கிட்ட வந்து, வேலைல ஒரு சந்தேகம் கேக்கறாரோ, அன்னிக்குப் புடிக்கறேன்.”

“யாருமே கேக்கலேன்னா?”

“தரையில வுழட்டும்.”

தொண்ணூற்று ஆறு ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சந்திரமௌலி அவர் மேசைக்கு வந்தார். அதே பிரிவில் மூத்தவர், அலுவலக விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். தோற்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாத வகை.

“கீப்பர், வர்ற வாரம் அலுவலகங்களுக்கு நடுவுல டோர்னமெண்ட். நம்ம பையன் மணிக்கட்ட ஒடச்சுண்டுட்டான். நீ நில்லு. ஓட வேண்டாம், நின்னா போதும். அஞ்சு நாள் ஸ்பெஷல் லீவு.”

“முட்டி, சார்.”

“முட்டிய நான் பாத்துக்கறேன். உன்னை எதுக்குய்யா வேலைக்கு எடுத்தது?”

அந்த வாரம் காஸ்பரிடம் வேறொரு வேலை இருந்தது. ஊரூர் ஒல்காட் குப்பத்து அஞ்சலாட்சி. பாலிசி எடுத்திருந்த அவள் கணவன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சட்டப்படி ஏழு வருடம் காத்திருக்கட்டும் என்று ஒரே வரியில் எழுதி, அந்த ஃபைலை எல்லோரும் கடைசி ஆளிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். காஸ்பர் மூன்று மாதமாக அதைச் சுமந்துகொண்டிருந்தார். கட்டுமரம் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்த இருவர் இருக்கிறார்கள், அவர்கள் வாக்குமூலமும் போலீஸ், மீன்வளத்துறைக் காகிதங்களும் இருந்தால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம் என்று மேலதிகாரி அரைமனதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த இருவரும் தங்கல் மீன்பிடிக்கு வடக்கே போகிறவர்கள், திரும்பி வர மாதங்கள் ஆகும். போவதற்கு முன் இருக்கும் ஒரே வாரம் அடுத்த வாரம். மேலதிகாரியும் அந்த வாரம்தான் நேரம் கொடுத்திருந்தார்.

“திங்கக்கெழம சொல்றேன் சார்” என்றார் காஸ்பர். அவர் சொல்ல நினைத்தது “சரி” என்பதைத்தான். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று மூன்று வருடமாயிற்று. அந்தச் சனிக்கிழமை முழுக்க அவர் கை சும்மா இல்லை. மர்சலின் நறுக்க வைத்திருந்த தக்காளியை மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் காந்தி நகரில் பூதம் வந்தது. உப்புப் பாறையில் செய்த பூதம், கை நாலு. ஒரு பள்ளத்தின் மேல் தொங்கும் கயிற்றுப் பாலத்தில் அது எதிரே வந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் மூவர். முதல் அடியிலேயே பூனைக்கண்ணி விழுந்தாள். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆரபியின் மந்திரங்கள் முந்தின குகையிலேயே தீர்ந்திருந்தன. பர்னபாஸ் வைத்தியத்தில் எட்டாம் படிக்கு வந்திருந்தான். இந்த ஒரு சண்டையை முடித்துவிட்டால் ஒன்பது, பழைய படியைத் தாண்டிவிடுவான். வாளை உருவினால் பூதத்தை வெட்டிச் சாய்க்கலாம், ஆனால் அன்றைய புள்ளி அத்தனையும் போய்விடும். உருவாவிட்டால் மூவரும் சாகலாம்.

“எடுத்துடுங்கோ சார், ப்ளீஸ்!” என்றாள் ஷ்ரேயா. “புள்ளி போனா அடுத்த வாரம் சம்பாதிச்சுக்கலாம். ஒரு தடவைதானே!”

“மாமா, இங்க நான் செத்துக்கினு கீறேன், நீங்க யோசிச்சுக்கினு கீறீங்களே!” என்றாள் டீனா. பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே செத்துக்கொண்டிருந்தாள்.

சாய்நாத் சுருக்குப் பையைக் குலுக்கினார். “சீக்கிரம். என்ன பண்றான் பர்னபாஸ்?”

காஸ்பர் பாயிலிருந்து எழுந்தார். ஆட்டத்தில் யாரும் எழுந்து நின்று விளையாடுவதில்லை. அறையின் வாசலுக்கு நேராகப் போய், காலை அகட்டி, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாசலை முழுசாக அடைத்துவிட்டார்.

“பாலம் முடியற எடத்துல நிக்கறான்.”

“நின்னு?”

“நிக்கறான். அவ்ளோதான்.”

“அது அடிக்குமே சார்.”

“அடிக்கட்டும். தொழில விட்டேன். ஒடம்ப விட்டேனா? புத்தகத்த எடு.”

சாய்நாத் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. ஜாகை மாற்றுபவன் பழைய வித்தையைத் தொடக் கூடாது, ஆனால் பழைய தொழிலில் வளர்ந்த உடல் பலம் அவனோடே வரும். எட்டுப் படி ஏறிய போர்வீரனின் உடம்பு, உள்ளே ஒரு வைத்தியன். பூதம் அடித்தது. பர்னபாஸ் திருப்பி அடிக்கவில்லை. தன் காயத்துக்கு ஒரு கட்டு, பூனைக்கண்ணியின் காயத்துக்கு ஒரு கட்டு. அது மறுபடி அடித்தது. அவன் நகரவில்லை.

“ஷ்ரேயா, பின்னாடி என்னா பண்ற? மந்திரம் தீந்தா நீ பாதி வீரி இல்ல? ஈட்டி எங்க?”

“ஐயோ, ஆமாம்!” ஷ்ரேயா பைக்குள் கையை விட்டாள். பதினேழு. ஆரபியின் ஈட்டி பர்னபாஸின் அக்குளுக்கு அடியில் புகுந்து பூதத்தின் தோளைப் பெயர்த்தது.

“டீனா, கண்ண முழிச்சாச்சு. நீ பூட்டு மட்டுந்தான் தெறப்பியா? இந்தப் பாலம் எதுல கட்டியிருக்கு?”

டீனா பஜ்ஜியைக் கீழே வைத்தாள். “கயிறு மாமா… முடிச்சு!”

“அவுரு.”

பத்தொன்பது. பாலம் விட்டுப் போயிற்று, பூதம் பள்ளத்துக்குப் போயிற்று. ஷ்ரேயா போட்ட சத்தத்தில் கீழேயிருந்து சாய்நாத்தின் அம்மா, “என்னடா இது, ஆத்துல மனுஷா இருக்கோம்!” என்று குரல் கொடுத்தார். சாய்நாத் புள்ளிகளைக் கூட்டி, “பர்னபாஸ் ஒம்பதாவது படி. சார், இனிமே நீங்க வாளைத் தொடலாம்” என்றார். காஸ்பர் வாசலில் நின்றபடியே தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

பஸ்ஸில் டீனா கேட்டாள்: “நாளைக்கு அந்த மனுஷனுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“பர்னபாஸ்தான் ஒம்போது. நான் இன்னும் வரல” என்றார் காஸ்பர்.

திங்கட்கிழமை சந்திரமௌலியிடம் முடியாது என்றார். சந்திரமௌலி முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார். “ஸ்போர்ட்ஸ் கோட்டால உள்ள வந்துட்டு, வெள்ளைக்காலர் ஆயிட்டாராம் தொரை! ஒழுங்கா ஒரு நோட் எழுதத் தெரியல, கெளம்பிட்டார் கடலுக்கு!” பிரிவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. காஸ்பர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் பஸ்ஸுக்குப் போனார்.

கோலில் தபால் பிரிவுப் பையன் ஒருவனை நிறுத்தினார்கள். முதல் ஆட்டத்திலேயே அரை டஜன் வாங்கிக்கொண்டு அணி வெளியேறியது. அடுத்த சில மாதம் காஸ்பருக்கு யாரும் டீ சொல்லவில்லை. ஜைதூன் பீகூடக் கட்டை எறிவதை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது எறிந்ததைவிடப் பலமாக விழுந்தது. கட்டுமரக்காரர்கள் இருவரும் கார்ப்பரேஷன்காரர்களைக் கண்டால் ஒதுங்குவதுபோல முதலில் ஒதுங்கினார்கள், பிறகு வந்து, மேலதிகாரி அறையில் நின்றுகொண்டே பார்த்ததைச் சொன்னார்கள். குறிப்பு இரண்டு முறை சிவப்பு மையோடு திரும்பியது. மூன்றாம் முறை திரும்பவில்லை. மழைக்காலத்தில் அஞ்சலாட்சி வந்து கையெழுத்துப் போட்டுக் காசோலை வாங்கிப் போனாள். வரும்போதே ஒரு பிளாஸ்டிக் கூடையில் வஞ்சிரம் கொண்டுவந்திருந்தாள். அலுவலகத்தில் வாங்கக் கூடாது என்று காஸ்பர் சொல்ல, “அப்ப வூட்டாண்ட குடுக்கறேன், வூடு எங்க கீது?” என்றாள். சொல்லவில்லை அவர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். சந்திரமௌலி காஸ்பரின் மேசைக்குப் பக்கத்தில் வந்து சுவரில் தொங்கிய காலண்டரைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “காஸ்பர்” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“சார்.”

“எங்கிட்ட ஒண்ணு வந்திருக்கு. காசிமேட்டு ஆள், கடல்ல போட்டோட போயிட்டான். உன் குப்பத்துக் கேஸ் மாதிரியேதான். நீ முதல்ல எங்க போன? போலீசுக்கா, மீன் ஆபீசுக்கா? எனக்குப் புரியல.”

காஸ்பர் பேனாவை மூடி வைத்தார். “ரெண்டுக்கும் முன்னாடி அவன் கூடப் போன ஆளுங்க கிட்ட சார். அவங்க வடக்க கெளம்பிட்டா அவ்ளோதான். அதுக்கப்புறம் போலீசு. நான் எழுதுன நோட்டே மேல இருக்கு, பாருங்க. தப்பு பண்ணதும் அதுலயே இருக்கு.” பிறகு பரணைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பீம்மா, அந்த ஊரூர் கட்டு.”

ஏணியில் நின்ற ஜைதூன் பீ கட்டைத் தேடி எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டார். “இரு, எறங்கறேன். நீதான் தொடமாட்டியே, மகாராசன்.”

“அங்கேருந்தே போடுங்க பீம்மா.”

ஜைதூன் பீ அவரை ஒரு முறை பார்த்தார், சந்திரமௌலியை ஒரு முறை பார்த்தார், வேண்டுமென்றே கோணலாக எறிந்தார். கட்டு பீரோவின் மூலையை நோக்கிப் போயிற்று. காஸ்பர் வலது முழங்காலைக் கேட்காமல் இடது பக்கம் சாய்ந்து, கோணல் விரல் கையை நீட்டி அதைக் காற்றில் அள்ளி வயிற்றோடு அணைத்துக் குனிந்தார். தூசி எழவில்லை. பந்தைப் பிடித்த கீப்பர் செய்வதுபோலவே நிமிர்ந்து, யார் காலியாக நிற்கிறார்கள் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, கட்டைச் சந்திரமௌலியின் நீட்டிய கைகளில் மெதுவாக வைத்தார்.